ஆளில்லாத் தீவு, ஆனால் கேட்பாரற்றதல்ல

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே கரையை ஒட்டி வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளில் ஊர் இல்லை, கடை இல்லை, கேள்வி கேட்க ஆள் இல்லை. நண்பர்கள் சேர்ந்து ஒரு வள்ளம் பேசிப் போய் வரலாமே என்று தோன்றுவது இதனால்தான். ஆனால் 1986 முதல் இவை மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, வனத்துறையின் அனுமதிச்சீட்டு இல்லாமல் உள்ளே காலெடுத்து வைப்பதே குற்றம். சட்டத்தை மீறினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. கரையில் ஒதுங்கிய பவளத்துண்டை நினைவுக்கென்று பையில் போட்டுக்கொண்டால் அது தனி வழக்கு.

‘சும்மா பார்த்துவிட்டு வரப்போகிறோம், இதில் யாருக்கு என்ன நஷ்டம்?’ என்று கேட்கலாம். முட்டளவு தண்ணீரில் வள்ளத்தை நிறுத்த நங்கூரம் போட வேண்டும். அது விழும் இடம், ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர்கூட வளராத பவளப்பாறையாக இருக்கலாம். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த காலத்தின் விளைவாக, இந்த 21-ல் இரண்டு தீவுகள் ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. இந்தத் தடையின் சுமையை அன்றாடம் சுமப்பவர்கள் தலைமுறைகளாக அந்தத் தீவுகளை அண்டிப் பிழைத்த மீனவர்கள். அவர்களின் மனக்குறை நியாயமானது, தீர்வு காணப்பட வேண்டியது. அதைக் காட்டி உல்லாசப் பயணிகள் சலுகை கேட்பதுதான் நியாயமில்லை. பிடிபட்டால் படகைப் பறிகொடுத்து நிற்கப்போவதும் உங்களை ஏற்றிச் சென்ற மீனவர்தான்.

உயிர் ஆபத்து இதைவிடப் பெரிது. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகப் போனவர்களை ஏற்றிய மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிக்கப் பதிவான படகில் பயணிகளுக்கான இருக்கையோ மிதவைச் சட்டையோ இருப்பதில்லை. விபத்து நடந்தால் காப்பீட்டுத் தொகை கிடைப்பதும் சந்தேகமே. மே மாதத்துக்குப் பின் தென்மேற்குக் காற்று வலுத்தால், காலையில் குளம்போல் கிடந்த கடல் பிற்பகலில் திரும்பி வர விடாது. தீவில் குடிதண்ணீரை நம்பிப் போக முடியாது, செல்பேசி சிக்னலையும் நம்ப முடியாது.

போயே ஆக வேண்டுமென்றால் வனத்துறை அனுமதிக்கும் இடத்துக்கு, அனுமதிக்கும் படகில் போகலாம். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பணம் கட்டியபின் சேவையில் குறை இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்ய அதுதான் கையில் இருக்கும் ஆதாரம். மிதவைச் சட்டை தராத படகில் ஏற மறுப்பது உங்கள் உரிமை. கடலில் சிக்கிக்கொண்டால் கடலோரக் காவல்படையின் எண் 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழும காவல்துறையின் எண் 1093. இரண்டையும் கரையில் இருக்கும் ஒருவரிடம், திரும்பி வரும் நேரத்தோடு, எழுதிக் கொடுத்துவிட்டுப் படகேறுங்கள்.