சறுக்கிப் பழக ஒரு பழைய கார்

வெள்ளிக்கிழமை இரவு நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது கைப்பேசியில் ஒரு நேயரின் குரல் பதிவு காத்திருந்தது. "அண்ணே, டிரிஃப்ட் பழகணும். கையில பதினஞ்சாயிரம் வெள்ளி இருக்கு. ஒரு காடி பார்த்துட்டேன். நாளைக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா?"

கார்களைப் பற்றி வானொலியில் நான் அவ்வப்போது உளறுவதுண்டு. அதை நம்பி ஒருவர் கேட்கிறார். பேசிப் பார்த்தால் இருபத்து மூன்று வயது, கிள்ளான் துறைமுகத்தில் கிடங்கு வேலை, மாதத்தில் பாதி நாள் இரவு ஷிப்ட். இரண்டு வருடம் சேர்த்த பணம் அது. விளம்பரத்தில் இருந்த காரோ டர்போ பொருத்தியது, தாழ்த்தியது, ஊதா நிறம். "தம்பி, நாளைக்கு அட்வான்ஸ் வேண்டாம். போய்ப் பார்ப்போம், நானும் வர்றேன்" என்றேன்.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய சூடு உண்டு. இருபத்திரண்டு வயதில், 'செஃபிரோதான் டிரிஃப்ட் கார்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு நிசான் செஃபிரோவை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தினேன். அது ஏ32. பெயர் ஒன்றுதான், சாதி வேறு. 1988இல் வந்த ஏ31 பின்சக்கரத்தை இயக்கும் கார். அதற்குப் பின் வந்த ஏ32 முன்சக்கரத்தை இயக்குவது. நண்பர்கள் ஒரு வருடம் சிரித்தார்கள். அந்தக் காரில் என் அம்மா சௌகரியமாகக் கோவிலுக்குப் போய்வந்தார், அவ்வளவுதான் பயன்.

ஏன் பின்சக்கரம்? டிரிஃப்டில் காரின் வால் பக்கம் பிடி விட்டுச் சறுக்க வேண்டும்; முன்சக்கரங்கள் பிடியோடு இருந்து திசையைக் காட்ட வேண்டும். எண்ணெய் மிதிப்பதைக் கூட்டிக் குறைத்துத்தான் அந்தச் சறுக்கலை நீட்டிக்கிறார்கள். மைவியிலோ சாகாவிலோ கைப்பிரேக் இழுத்தால் வால் ஒரு கணம் வீசும். அடுத்து எண்ணெய் மிதித்ததும் முன்சக்கரம் காரை நேராக இழுத்துவிடும். அது டிரிஃப்ட் அல்ல, டயருக்குச் செய்யும் பாவம்.

சரி, எந்தக் கார்? 'இனிஷியல் டி' பார்த்து வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் முதலில் மனத்தில் வருவது டொயோட்டா ஏஇ86. ஷுய்ச்சி ஷிகேனோ 1995இல் தொடங்கிய அந்தச் சித்திரக்கதை, தோஃபு ஏற்றிப்போன ஒரு சாதாரணக் காரைச் சாமியாக்கிவிட்டது. இப்போது அதைச் சேகரிப்பாளர்கள் வாங்குகிறார்கள். பழகுகிறவன் கையில் அது தேவையில்லை. சுவரில் இடித்தால் மனம் உடையும், பணப்பையும் உடையும். நிசான் சில்வியாவும் அப்படித்தான் ஆகிவிட்டது. நம் அப்பாக்கள் காலத்து கொரோல்லா கேஇ70 இலகுவானது, எளியது. ஆனால் 1.3 லிட்டர் இயந்திரத்துக்குச் சக்தி போதாது; துருப்பிடிக்காத உடலும் அரிது. ஷா ஆலாமில் பொருத்தப்பட்ட வோல்வோ 240 நல்ல பிடிவாதக்காரன், கனம் கொஞ்சம் அதிகம். பிஎம்டபிள்யூ இ36 318ஐ எனக்குப் பிடிக்கும். அதன் குளிரூட்டும் பாகங்களில் பாதி பிளாஸ்டிக் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பழையதானால் வெடிப்பு விடும், இயந்திரம் கொதிக்கும்.

இத்தனையும் பார்த்த பின்னும் ஏ31 பக்கமே என் மனம் சாய்கிறது. அதன் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2,670 மில்லிமீட்டர். ஏஇ86க்கு 2,400. சில்வியா எஸ்13க்கு 2,475. நீளம் கூடினால் கார் மெதுவாகத் திரும்பும். வால் வீசிய பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்பித் தப்பிக்க உங்களுக்கு அரை நொடி கூடுதலாகக் கிடைக்கும். பழகுகிறவனுக்கு அந்த அரை நொடிதான் எல்லாம். இன்னொன்று, சில்வியா, ஸ்கைலைன் ஆர்32 ஆகியவற்றோடு பல பாகங்களை அது பகிர்ந்துகொள்கிறது. ஜப்பானிலிருந்து வரும் ஹாஃப்-கட் கடைகளில் அலைந்தால் வேண்டியது கிடைக்கும்.

டர்போ இல்லாத ஆர்பி20 இயந்திரமே போதும் என்று நான் சொன்னபோது தம்பிக்கு முகம் வாடியது. "200 குதிரை இல்லாம எப்படிண்ணே?" சக்தி அதிகமானால் சறுக்கத் தொடங்குவது எளிது, நிறுத்துவதுதான் கடினம். குறைந்த சக்தியில் எடையை முன்னும் பின்னும் மாற்றி, கிளட்சைத் தட்டி, நேரம் பார்த்துச் சறுக்க வேண்டியிருக்கும். கற்றுக்கொள்வது அங்கேதான் நடக்கிறது.

சனிக்கிழமை காலை பசியாறிவிட்டு மூவராகப் போனோம். மூன்றாவது ஆள் என் வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் அங்கிள். அறுபது வயது, அதிகம் பேசமாட்டார். ஊதாக் கார் அழகாகத்தான் இருந்தது. அங்கிள் அதைப் பார்க்கவேயில்லை. முன்கதவைத் திறந்து மூடினார், பானெட்டைத் தூக்கி, சஸ்பென்ஷன் தூண் உட்காரும் இடத்தில் நகத்தால் சுரண்டினார். பெயின்டுக்கு அடியில் பட்டி, பட்டிக்கு அடியில் துரு. இயந்திரம் சூடாக இருந்தது. நாங்கள் வருமுன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். "குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டணும். சூடா வெச்சிருந்தா எதையோ மறைக்கிறாங்க" என்றார் அங்கிள், எங்கள் காதில் மட்டும்.

கடைசியில் கிராண்டைக் கேட்டார். இயந்திர எண் ஒத்துப்போகவில்லை. அதாவது டர்போ இயந்திரம் மாற்றியதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி பெறப்படவில்லை. அந்தக் காரை வாங்கினால் பெயர் மாற்றப் பரிசோதனைக்குப் போகும்போதே சிக்கும். சேசிஸ் எண்ணும் ஒத்துப்போகாமல் இருந்தால் இன்னும் மோசம். திருட்டுக் கார் என்ற சந்தேகம் நம் தலையில் விழும். தம்பி ஒன்றும் பேசாமல் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தான். பிறகு, "போகலாம்ணே" என்றான். அந்த ஊதா நிறத்தை விட்டு வருவது அவனுக்கு எளிதாக இருந்திருக்காது.

திரும்பும் வழியில், தேநீர்க் கடையில் ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டோம். பதினைந்தாயிரத்தில் காருக்கு ஒன்பதாயிரத்துக்கு மேல் போகக் கூடாது என்பதில் அங்கிள் உறுதி. மிச்சத்தில் முதல் செலவு ரேடியேட்டர், குழாய்கள், தண்ணீர்ப் பம்பு. டிரிஃப்டில் கார் மெதுவாக ஓடும், இயந்திரமோ உச்சத்தில் சுழலும். காற்று குறைவு, சூடு அதிகம்; நம் நாட்டு வெயிலில் முதலில் சாவது அதுதான். அடுத்து பிரேக், புஷ், நல்ல கைப்பிரேக் கேபிள். பிறகு ஓட்டுநரைப் பிடித்து வைக்கும் பக்கெட் சீட், தலைக்கவசம். சாதாரண இருக்கையில் உட்கார்ந்தால் கார் சறுக்கும்போது நாமும் சறுக்குவோம், ஸ்டீயரிங்கைத் திருப்புவதற்குப் பதில் அதைப் பிடித்துத் தொங்குவோம்.

பின்பக்க டிஃபரென்ஷியலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரண டிஃப் எந்தச் சக்கரம் எளிதாகச் சுழல்கிறதோ அதற்கே சக்தியை விடும். ஒரு சக்கரம் மட்டும் புகை கக்கும், கார் சறுக்காது. எல்எஸ்டி விலை அதிகம். அதனால் பலர் டிஃபின் உள்ளே உள்ள பற்சக்கரங்களை வெல்டிங் செய்து இரு சக்கரங்களையும் ஒன்றாகக் கட்டிவிடுவார்கள். பயிற்சிக்கு மட்டும் வைத்திருக்கும் காரில் அது ஏழையின் எல்எஸ்டி. சாலையில் ஓடும் காரில் செய்தால் வளைவில் டயர் துள்ளும், மழையில் கார் சொன்னபடி கேட்காது.

கியரைப் பற்றி ஒரு வரி: மேனுவலாகவே வாங்கிவிடுங்கள். ஆட்டோ ஏ31 மலிவாகத் தெரியும். கியர்பாக்ஸ், மிதி, கிளட்ச், புரப்பெல்லர் ஷாஃப்ட் என்று மாற்றி முடிக்கும்போது மலிவு எங்கே போனதென்று தேட வேண்டியிருக்கும்.

எங்கே பழகுவது என்பதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசினேன். தொழிற்பேட்டைச் சாலையும் வேண்டாம், மலைச் சாலையும் வேண்டாம், பேரங்காடியின் கார் நிறுத்துமிடமும் வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42ஆம் பிரிவில் ஆபத்தாக ஓட்டியதற்கு ஐந்தாண்டு வரை சிறையும் 15,000 ரிங்கிட் வரை அபராதமும் உண்டு. அபராதமே அவன் சேமிப்புக்குச் சமம். அதைவிட, எதிரே வரும் மோட்டார்சைக்கிளில் யாரோ ஒருவர் இரவு வேலை முடித்து வீடு திரும்பிக்கொண்டிருப்பார். இவனே தினமும் அப்படி வருகிறவன்தான். அதைச் சொன்னதும் தலையை ஆட்டினான். பந்தயத் தளங்களில் பயிற்சி நாள் வரும்போது கட்டணம் கட்டிப் போவது, காரை இழுவை லோரியில் ஏற்றிக்கொண்டு போவது, இரண்டையும் தாளில் எழுதினோம். வழக்கமான வாகனக் காப்புறுதி பந்தயத் தளத்துச் சேதத்துக்குப் பணம் தராது என்பதையும் எழுதினோம்.

ஆறு வாரம் கழித்து ஒரு வெள்ளை ஏ31 கிடைத்தது. வெயிலில் மங்கிய பெயின்ட், டேஷ்போர்டில் வெடிப்பு, மேனுவல் கியர், கிராண்டில் எல்லா எண்ணும் சரி. 8,800 வெள்ளி. முதல் பயிற்சி நாளில் நானும் போயிருந்தேன். ஒற்றைக் கூம்பை நடுவில் வைத்து, நனைத்த தரையில், மதியம் முழுக்க வட்டம் போட்டான். முதல் மணி நேரம் முழுக்கச் சுழன்று நின்றதுதான். மாலை நாலு மணிக்கு மேல், வால் வெளியே நிற்க, ஒரு முழு வட்டம் வந்தது. ஜன்னல் வழியே தலையை நீட்டி, "பார்த்தீங்களாண்ணே?" என்று கத்தியவன், அந்தக் கணத்திலேயே சுழன்று நின்றான்.

போன வாரம் மறுபடி ஒரு குரல் பதிவு. "அண்ணே, ரேடியேட்டர் ஓஸ் போச்சு. நூத்து இருபது வெள்ளி. எடுத்து வெச்ச பணத்துலயே கொடுத்துட்டேன், கடன் வாங்கல. அப்புறம், பின் டயர் ரெண்டும் கம்பி தெரியுது. பழைய டயர் எங்கண்ணே மலிவாக் கிடைக்கும்?"