ஆடுவோரும் ஆடுவிப்போரும்

விளையாட்டு வீரனின் தொழில் வாழ்வு மிகக் குறுகியது. மருத்துவரும் வழக்கறிஞரும் தத்தம் துறையில் பெயர் பெறத் தொடங்கும் முப்பது, முப்பத்தைந்து வயதில், வீரன் தன் துறையிலிருந்து விடைபெற வேண்டியவனாகிறான். அதன்பின் அவன் செய்யத்தக்கது யாது? தான் கற்ற வித்தையைப் பிறர்க்குக் கற்பிக்கலாம் என்பதே எவர்க்கும் முதலில் தோன்றும் விடை. ஆனால் ஆடுதல் வேறு, ஆடுவித்தல் வேறு. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவு எத்தகையது என்பதைத் தமிழர் ஒருவரின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு இன்று ஆராய்வோம்.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழன்பர்களுக்கு இவ்வரலாற்றோடு ஓர் அண்டை உறவும் உண்டு. 1911 ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் தனியே அமைக்கப்படும்வரை, சித்தூர் நகரமே வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கிற்று. பட்டு நெசவுக்குப் பேர்போன ஆரணியும் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. சித்தூரிலிருந்து காட்பாடி வழியாகப் பாலாற்றைக் கடந்து, வேலூரை அடைந்து, மேலும் தெற்கே சென்றால் ஆரணி வந்துவிடும். அவ்வூரில் 1950 ஆம் ஆண்டு ஆகஸ்டு 17 ஆம் நாள் பிறந்தவர் வாசுதேவன் பாஸ்கரன். சென்னை இலயோலாக் கல்லூரியில் பயின்ற இவர், இந்திய ஹாக்கிக் குழுவின் தலைவராக ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தைக் கண்டவர். பின்னர் அதே குழுவின் பயிற்சியாளராகவும் பணியாற்றியவர். அருச்சுனா விருதும் பத்மஸ்ரீ விருதும் இவரை நாடி வந்தன.

பாஸ்கரன் ஆடியது ஹாஃப்பேக் எனப்படும் இடைக்காப்பு நிலையில். ஹாக்கியில் இந்நிலைக்குத் தனிச் சிறப்பு உண்டு. முன்னே நிற்போர் கோல் அடித்துப் புகழ் பெறுவர். பின்னே நிற்போர் கோலைத் தடுத்துப் புகழ் பெறுவர். இடைக்காப்பாளரோ எதிரியிடமிருந்து பந்தைக் கவர்ந்து முன்னவர்க்கு அளிப்பதும், முன்னவர் இழந்த பந்தை மீண்டும் மறிப்பதுமாக, இரு சாராரையும் இணைக்கும் பாலமாய் இயங்குகிறார். ஆடுகளம் முழுவதையும் கண்ணில் வைத்திருக்க வேண்டியவர் அவர். தலைமை தாங்குதற்கு இது நல்ல பயிற்சிக்களம் என்பதில் ஐயமில்லை.

பாஸ்கரன் முதலில் கலந்துகொண்ட ஒலிம்பிக் விழா 1976 ஆம் ஆண்டில் மான்ட்ரியல் நகரில் நடந்தது. இந்திய ஹாக்கி வரலாற்றில் அது கசப்பான ஏடு. 1928 முதல் ஒவ்வொரு விழாவிலும் ஏதேனும் ஒரு பதக்கத்துடன் மீண்ட நம் நாடு, அவ்வாண்டில் ஏழாம் இடத்திற்குத் தள்ளப்பட்டது. ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைப் புல் தரையில் ஆடப்பட்டது அதுவே முதன்முறை. இயற்கைப் புல்லில் பந்து துள்ளும், தயங்கும், திசை மாறும். அதனைக் கோலின் நுனியில் அடக்கி, வளைத்து, எதிரியை ஏமாற்றிச் செல்லும் கைத்திறனே நம்மவர் செல்வம். செயற்கைத் தரையிலோ பந்து நேராகவும் விரைவாகவும் உருள்கிறது. அங்கே நீண்ட வலிய அடியும், சலியாத ஓட்டமும், முன்கூட்டி வகுத்த வியூகமும் மேலோங்குகின்றன. அத்தகைய தரை நம் நாட்டில் அரிதாயிருந்த காலம் அது. புல்லில் கற்ற வித்தையுடன் நம் வீரர் புதுத் தரையில் நின்றனர்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1980 இல் மாஸ்கோ நகரில், பாஸ்கரன் குழுத் தலைவரானார். பயிற்சியாளராக அமைந்தவர் பால்கிஷன் சிங்; 1956 இல் மெல்பர்னில் தாமே தங்கம் வென்றவர். மேற்கு ஜெர்மனி, பாகிஸ்தான் முதலிய வலிமை மிக்க நாடுகள் அவ்விழாவைப் புறக்கணித்தமையால் ஆறு குழுக்களே ஹாக்கியில் மோதின. நம் குழு தான்சானியாவை 18 கோல்களிலும், கியூபாவை 13 கோல்களிலும் வென்றது. போலந்துடனும் ஸ்பெயினுடனும் 2-2 எனச் சமன் செய்தது. சோவியத் குழுவை 4-2 என வீழ்த்தியது. ஜூலை 29 ஆம் நாள் இறுதிப் பந்தயத்தில் மீண்டும் ஸ்பெயின் எதிர்ப்பட்டது. நம்மவர் மூன்று கோல்கள் முன்னேறிய பின்னரும் ஸ்பெயின் சளைக்கவில்லை. அந்நாட்டின் அமாத் என்னும் வீரர் மூன்று கோல்களை அடித்துக் குழுவினரை நடுங்கவைத்தார். சுரீந்தர் சிங் சோதி இரண்டும், கௌசிக், முகம்மது சாகித் ஆகியோர் ஒவ்வொன்றும் அடித்த கோல்களால் நாம் 4-3 எனத் தப்பி வென்றோம். ஹாக்கியில் இந்தியாவின் எட்டாவது ஒலிம்பிக் தங்கம் அது. அதன்பின் ஒன்பதாவது இதுகாறும் கிட்டவில்லை.

இத்தகைய வெற்றியைத் தலைமையேற்றுக் கண்டவர் சிறந்த பயிற்சியாளராவது உறுதி என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் பயிற்சியாளரின் வேலையைச் சற்று நுணுகி நோக்குவோம். களத்தில் ஆடும் தலைவன் கண்டதைக் கண்ட கணத்திலேயே செய்து முடிக்கிறான். எவ்வாறு செய்தாய் என்று கேட்டால், அவனால் விளக்க இயலாமற் போகலாம்; அறிவு அவன் மணிக்கட்டிலும் காலடியிலும் உறைந்து கிடக்கிறது. பயிற்சியாளரோ அவ்வறிவைச் சொல்லாக மாற்றி, பகுதி பகுதியாகப் பிரித்து, வேறொருவர் உடலில் ஏற்ற வேண்டியவர்.

எடுத்துக்காட்டாக, பெனால்டி கார்னர் என்னும் தண்டனை அடியை எடுத்துக்கொள்வோம். கோல் கம்பத்திலிருந்து பத்து மீட்டர் தூரத்தில், கடைக்கோட்டின் மேல் நின்று ஒருவர் பந்தைத் தள்ளுகிறார். வட்டத்தின் விளிம்பில் மற்றொருவர் அதனைத் தடுத்து நிறுத்துகிறார். மூன்றாமவர் அதனைக் கோலுக்குள் செலுத்துகிறார். கோல் காவலரும் மற்று நால்வரும் கடைக்கோட்டின் பின்னிருந்து பாய்ந்து வருகின்றனர். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். பார்ப்போர் கண்ணுக்குக் கடைசி அடி மட்டுமே தெரியும். பயிற்சியாளருக்கோ அது மூன்று தனித் தொழில்கள். தள்ளுபவரின் பாதம் எங்கே, நிறுத்துபவரின் கோல் எவ்வளவு சாய்ந்தது, அடிப்பவர் எத்தனை அடி முன்னரே ஓடத் தொடங்கினார் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே திருத்தி, நூறு முறை செய்வித்து, பின் ஒன்றாகச் சேர்க்க வேண்டும்.

விதிகளும் மாறிவிட்டன. பாஸ்கரன் ஆடிய நாளில் ஆட்டம் முப்பத்தைந்து நிமிடங்கள் கொண்ட இரு பாதிகளாக நடந்தது. வெளியே சென்ற வீரர் மீண்டும் களம் புக இயலாது. 1990-களில் வீரர்களை எத்தனை முறையும் மாற்றி மாற்றி இறக்கலாம் என்ற விதி வந்தது. ஆஃப்சைடு விதி அகன்றது. இன்று ஆட்டம் பதினைந்து நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக நடைபெறுகிறது. இதனால் முன்பு களத்தில் நின்ற தலைவன் எடுத்த முடிவுகள் பலவும், இன்று களத்திற்கு வெளியே நிற்கும் பயிற்சியாளரின் கைக்கு மாறியுள்ளன. யார் களைத்தார், யார் வெளியே வர வேண்டும், எப்போது மீண்டும் புக வேண்டும் என்பதைக் கணந்தோறும் கணக்கிடுபவர் அவரே.

குளிர் நாடுகளில் ஆடப்படும் பனிக்கட்டி ஹாக்கியில் இவ்வேலை இன்னும் கடினமானது. அங்கே குழுவுக்கு அறுவரே களத்தில் நிற்பர். ஒரு நிமிடத்திற்குள் களைத்து வெளியேற, அடுத்தவர் உட்புகுவர். கனடாவில் அவ்விளையாட்டின் வரலாறு நம் கேள்விக்கு நல்ல விடை தருகிறது. மான்ட்ரியல் குழுவின் புகழ்பெற்ற வீரர் டோ பிளேக், ஆட்டத்தை விட்டபின் அதே குழுவின் பயிற்சியாளராகி, 1955 முதல் 1968 வரை எட்டு முறை ஸ்டான்லி கோப்பையை வென்று தந்தார். தலையில் பட்ட காயத்தால் இளமையிலேயே ஆட்டத்தை இழந்த ஸ்காட்டி போமன், பயிற்சியாளராக ஒன்பது முறை அக்கோப்பையை வென்றார். அவ்விளையாட்டில் தோன்றிய தலைசிறந்த வீரர் எனப் பலராலும் போற்றப்படும் வெய்ன் கிரெட்ஸ்கி, 2005 முதல் 2009 வரை ஃபீனிக்ஸ் குழுவுக்குப் பயிற்சியளித்தும், ஒருமுறையேனும் அதனை இறுதிச் சுற்றுகளுக்குக் கொண்டு செல்ல இயலவில்லை. பெருவீரன் நல்லாசானாகலாம், ஆகாமலும் போகலாம். பெருவீரனாக வாய்ப்பற்றவனும் நல்லாசானாகலாம்.

பாஸ்கரனின் இரண்டாம் வாழ்வுக்கு மீள்வோம். 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் விழாவில் இந்தியக் குழுவின் பயிற்சியாளர் அவரே. புணேயை அடுத்த கடகியில் வளர்ந்த தமிழரான தன்ராஜ் பிள்ளை அக்குழுவின் ஒளிவிளக்கு. நம்மவர் அர்ஜென்டினாவை 3-0 என வென்றனர். ஆஸ்திரேலியாவுடன் 2-2 எனச் சமன் செய்தனர். தென் கொரியாவிடம் தோற்றாலும் ஸ்பெயினை 3-2 என வென்றனர். போலந்தை வென்றுவிட்டால் அரையிறுதி உறுதி. 1-0 என முன்னணியில் இருந்த நிலையில், ஆட்டம் முடியும் தறுவாயில் போலந்து ஒரு கோலை அடித்தது. அவ்வொரு கோலால் அரையிறுதி கைநழுவிற்று; நாம் ஏழாம் இடத்தில் நின்றோம். நம் இடத்தில் அரையிறுதி புகுந்த தென் கொரியா வெள்ளிப் பதக்கம் வரை சென்றது.

பின்னர் 2006 இல் ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயங்களிலும் பாஸ்கரனே பயிற்சியாளர். பன்னிரண்டு நாடுகளில் இந்தியா பதினோராம் இடம் பெற்றது. வெற்றியில் தலைவனைத் தோளில் தூக்கும் நாம், தோல்வியில் பயிற்சியாளரைத் தேடிப் பழி சுமத்துவது வழக்கமாகிவிட்டது. சிட்னியில் அந்தக் கடைசி நிமிடங்களில் பாஸ்கரன் கோலேந்தி நிற்கவில்லை; கோட்டுக்கு வெளியே நின்றார். இடைக்காப்பாளராய் இருபது ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினைத் தடுத்த அதே மனிதர், இப்போது தம் கையால் எதையும் தடுக்க இயலாதவராய்ப் பார்த்து நிற்க வேண்டியதாயிற்று. இதுவே பயிற்சியாளர் தொழிலின் உண்மையான கடினம்.

அப்படியாயின் வெற்றிக்கு வேண்டுவது யாது? காலமும் தொடர்ச்சியும் என்பதே நம் கருத்து. ஆஸ்திரேலிய நாட்டுப் பெருவீரர் ரிக் சார்ல்ஸ்வொர்த், 1993 முதல் 2000 வரை அந்நாட்டு மகளிர் குழுவை இடைவிடாது பயிற்றினார். இரு உலகக் கோப்பைகளும் இரு ஒலிம்பிக் தங்கங்களும் கிடைத்தன. நம் நாட்டிலோ 2004 ஆம் ஆண்டு ஏதென்ஸ் விழாவுக்குச் சில வாரங்களே இருக்கையில் பயிற்சியாளர் மாற்றப்பட்டார். நாற்பத்தொரு ஆண்டுப் பதக்கப் பஞ்சத்தைத் தீர்த்த டோக்கியோ வெண்கலம் 2021 இல் கிடைத்தது. ஆஸ்திரேலியாவுக்காக 1992 ஒலிம்பிக் விழாவில் வெள்ளி வென்ற கிரகாம் ரீடு, 2019 முதல் நம் குழுவைத் தொடர்ந்து பயிற்றியதன் பயன் அது. மாஸ்கோவில் கோலடித்த கௌசிக்கும் பின்னாளில் பயிற்சியாளராகி, 1998 பாங்காக் ஆசிய விளையாட்டு விழாவில் நம் குழு தங்கம் வெல்லக் காரணமானார். பாரிசிலும் வெண்கலம் வென்றபின் 2024 இல் ஓய்வு பெற்ற கோல் காவலர் ஸ்ரீஜேஷ், உடனே இளைஞர் குழுவின் பயிற்சியாளராகி, அவ்வாண்டே இளையோர் ஆசியக் கோப்பையை வெல்லச் செய்தார். பழைய வீரர் பயனற்றவரல்லர் என்பதற்கு இவர்கள் சான்று.

சித்தூர்ச் சீமைக்கும் ஹாக்கி அந்நியமன்று. அம்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த இரஜனி, இந்திய மகளிர் குழுவின் கோல் காவலராக உயர்ந்து, 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் வெள்ளி வென்ற குழுவில் இடம்பெற்றார். ஆகவே உங்கள் வீட்டுப் பிள்ளை கோலேந்தி மைதானத்திற்குச் செல்ல விரும்பினால், தயங்க வேண்டியதில்லை. ஆனால் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் வீட்டில் எத்தனை பதக்கங்கள் தொங்குகின்றன என்று மட்டும் பாராதீர்கள். பிள்ளை செய்யும் பிழையைக் கண்டு சினக்கிறாரா, அன்றி அப்பிழை எங்கே தோன்றிற்று என்று காட்டித் திருத்துகிறாரா என்று நோக்குங்கள். ஒரு பருவத்தில் வெற்றி வாராவிடில் ஆசானை மாற்ற அவசரப்படாதீர்கள்.

ஆடும் வயது கடந்த இளைஞர்க்கும் ஒரு சொல். பாட்டியாலாவில் 1961 இல் நிறுவப்பெற்ற தேசிய விளையாட்டுக் கழகம் பயிற்சியாளர்களுக்கென்றே பட்டயப் படிப்பு நடத்துகிறது. கற்பித்தல் தனியே கற்க வேண்டிய கலை என்பதை அது நாட்டுக்கு உணர்த்திற்று. மாஸ்கோவில் தங்கமும் சிட்னியில் ஏமாற்றமும் கண்ட பாஸ்கரனின் வாழ்வு நமக்கு அறிவுறுத்துவதும் அதுவே. கையில் கோலேந்தி வென்றவர்களை நாடு என்றும் மறவாது. கோட்டுக்கு வெளியே நின்று பிறரை உருவாக்குவோர்க்கும் பொறுமையையும் காலத்தையும் நாம் அளிப்போமாக.