கூட்டத்துக்கு எதிராகக் கட்டினால் காசு வருமா?

ஐபிஎல் நடக்கும் மாதங்களில் தாம்பரம் ரயில் நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் இரண்டு ஆட்டம் ஓடும். ஒன்று சுவரில் மாட்டிய டிவியில். இன்னொன்று உள்ளங்கைக்குள் மறைத்துப் பிடித்த போனில்.

"எல்லாரும் சிஎஸ்கே மேலதான் கட்டுறானுங்க. அப்படின்னா ரேட்டு கொறையணும்ல? ஏறுது பாரு மச்சி. பெரிய கை எவனோ அந்தப் பக்கம் போட்டிருக்கான். நாமளும் ஆப்போசிட்ல போட்ருவோம்" என்றான் ஒரு பையன்.

கூட்டம் போகும் பக்கம் போகாதே, ரேட்டு நகரும் பக்கம் போ. பந்தயக்காரர்கள் மத்தியில் இந்த யோசனைக்கு ரொம்ப நாளாகவே மரியாதை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குக்கு நிற்கிறதா என்று முதலில் குதிரைப் பந்தயத்தை வைத்துப் பார்ப்போம்.

போர்டில் தெரிவது யார் கருத்து?

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் எட்டாவது நிலையம் கிண்டி. 1777 முதல் குதிரைகள் ஓடிய மைதானம் அங்கேதான் இருக்கிறது. 1896-இல் மெட்ராஸ் ரேஸ் கிளப் உருவானது. பந்தய நாட்களில் நாலாக மடித்த ரேஸ் புத்தகமும் காதில் சொருகிய பென்சிலுமாகக் கிண்டியில் இறங்கியவர்களை இந்தத் தடத்தில் போய்வந்த மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குதிரையின் வயது, சுமக்கும் எடை, ஜாக்கி, முந்தைய ஓட்டங்கள் எல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்கும். மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது மட்டும் இருக்காது. அதைச் சொல்வது டோட் போர்டின் வேலை.

டோட் முறையில் ரேட்டை யாரும் நிர்ணயிப்பதில்லை. கட்டிய பணம் எல்லாம் ஒரே குவியலாகச் சேரும். கிளப்பின் கழிவு போக மிஞ்சுவதை ஜெயித்த குதிரை மேல் கட்டியவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். 1860-களில் பாரிஸில் ஜோசப் ஓலர் கண்டுபிடித்த ஏற்பாடு இது. இதைக் கணக்கிடும் முதல் இயந்திரத்தை ஜார்ஜ் ஜூலியஸ் 1913-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நிறுவினார்.

ஒரு பந்தயத்தில் மூன்று குதிரைகள் என்று வைத்துக்கொள்வோம். குவியல் 1,00,000 ரூபாய். முதல் குதிரை மேல் 60,000, இரண்டாவது மேல் 25,000, மூன்றாவது மேல் 15,000. கழிவு 20 விழுக்காடு என்றால் பங்குக்கு மிஞ்சுவது 80,000. முதல் குதிரை ஜெயித்தால் 100 ரூபாய்க்கு 133 ரூபாய். மூன்றாவது ஜெயித்தால் 533.

எதிர்த்துக் கட்டுபவர் கண்ணில் படுவது அந்த 533. அவர் பார்க்க வேண்டியது வேறு எண். மூன்றாவது குதிரைக்கு 15 விழுக்காடு வாய்ப்புதான் என்பது கூட்டத்தின் மதிப்பீடு. 100 கட்டி 533 வாங்குகிறவருக்குக் கைநஷ்டம் இல்லாமல் இருக்கவே அந்தக் குதிரை நூற்றில் 19 தடவையாவது ஜெயிக்க வேண்டும். அதாவது, கூட்டம் தவறாகக் கணித்திருந்தால் மட்டும் போதாது. கழிவையும் தாண்டும் அளவுக்குத் தவறியிருக்க வேண்டும்.

இதன் மேல் வரி வேறு. குதிரைப் பந்தயத்தில் கட்டும் முழுத் தொகை மீதும் 28 விழுக்காடு ஜிஎஸ்டி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 விழுக்காடு. 100 ரூபாய் பந்தயத்துக்குக் கையிலிருந்து 140 போகிறது என்று வைத்தால், அதே குதிரை நூற்றில் 26 தடவைக்கு மேல் ஜெயித்தாக வேண்டும். கூட்டம் 15 என்று சொன்ன இடத்தில்!

கூட்டம் எங்கே தப்புப் போடுகிறது?

கூட்டம் என்றாலே முட்டாள் என்பது அவசர முடிவு. 1906-இல் இங்கிலாந்தின் பிளிமத் கண்காட்சியில் ஒரு மாட்டின் இறைச்சி எடையைச் சொல்லும் போட்டி நடந்தது. 787 சீட்டுகளை வாங்கி ஆராய்ந்த பிரான்சிஸ் கால்டன், அவற்றின் நடுமதிப்பு 1,207 பவுண்டு என்று கண்டார். உண்மையான எடை 1,198. தனித்தனியே தவறியவர்கள் சேர்ந்து ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து தவறினால் இந்த வித்தை பலிக்காது. அமெரிக்கக் குதிரைப் பந்தய ரேட்டுகளை 1949-இல் ஆராய்ந்த உளவியலாளர் கிரிஃபித், ஜெயிக்க வாய்ப்பு குறைந்த குதிரைகள் மேல் மக்கள் தகுதிக்கு மீறிப் பணம் கட்டுவதைக் கண்டார். பத்து ரூபாய் போட்டு ஆயிரம் எடுக்கும் ஆசைதான். வேடிக்கை என்னவென்றால், 'யாரும் சீந்தாத குதிரை மேல் கட்டுகிறேன்' என்று மீசை முறுக்குபவர் கூட்டத்தின் மிகப் பழைய பழக்கத்தைத்தான் பின்பற்றுகிறார்.

கிரிக்கெட்டில் சாய்வு பாசத்தால் வருகிறது. சென்னையில் மஞ்சள் ஜெர்சி போட்டவர் ஆட்டத்தை எடைபோட்டா பணம் கட்டுவார்? பாசப் பணம் குவியும்போது அந்த அணியின் ரேட்டு நியாயத்தை விடக் குறையலாம். எதிர்த்துக் கட்டும் வாதத்தில் உள்ள உண்மை இவ்வளவுதான். அந்தக் குறைவு கழிவையும் மிஞ்சுகிறதா என்பதே கேள்வி.

ரேட்டு ஏன் நகர்கிறது?

புக்கி முறையில் குவியல் கிடையாது. ரேட்டைப் புக்கி சொல்வார். சமபலமுள்ள இரண்டு அணி என்றால் நியாயமான ரேட்டு ஒரு ரூபாய்க்கு இரண்டு ரூபாய். அவர் கொடுப்பது 1.90. இரு பக்கமும் நூறு நூறு விழுந்தால் 200 வாங்கி 190 கொடுத்துவிட்டுப் பத்தைப் பையில் போட்டுக்கொள்வார். அதனால்தான் ஒரு பக்கம் பணம் அதிகம் விழுந்தால் அந்தப் பக்கத்து ரேட்டைக் குறைத்து, மறுபக்கத்தை ஏற்றி, தராசைச் சமன் செய்யப் பார்ப்பார்.

பணம் விழாமலும் ரேட்டு நகரும். முக்கியப் பந்துவீச்சாளருக்குக் காயம், டாஸ், இரவில் இறங்கும் பனி என எந்தச் செய்திக்கும் நகரும். மூன்றாவது காரணம் டீக்கடைப் பையன் சொன்ன 'பெரிய கை'. நூறு பேர் ஆளுக்கு 500 போட்டால் 50,000. ஒரே ஆள் இரண்டு லட்சம் போட்டால் தராசு அவர் பக்கம் சாயும். தலைகள் ஒரு பக்கம், பணம் மறுபக்கம்.

ஆனால் அதைப் பார்த்துப் பின்னால் ஓடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரிய கை கட்டியது பழைய ரேட்டில். நமக்குக் கிடைப்பது அவர் கட்டியதால் குறைந்துபோன புது ரேட்டு. சந்தையில் நல்ல கத்தரிக்காயை அவர் பொறுக்கிப் போன பிறகு, அதே விலைக்கு மிச்சத்தை வாங்குவது மாதிரி. சின்னத் தொகையைப் போட்டு ரேட்டை நகர்த்தி, பின்னால் ஓடிவரும் கூட்டத்தை நம்பி மறுபக்கம் பெரிதாகக் கட்டும் தந்திரமும் உண்டு.

போர்டும் போனும்

1974-இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1986-இல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம். இது தொடர்பான கே.ஆர்.லட்சுமணன் வழக்கில் 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயத்தில் திறமையின் பங்கே பெரிது, அது சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்பளித்து 1986 சட்டத்தை ரத்து செய்தது. பின்னர் கிளப்பின் குத்தகை நிலம் பற்றிய தகராறு முற்றியது. 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்த மாநில அரசு கிண்டி மைதானத்துக்குச் சீல் வைத்தது. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது.

போனில் ஆடும் பந்தயத்துக்கு அந்தத் தீர்ப்பு குடை பிடிக்காது. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆன்லைன் சூதாட்டம் ஆடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் ஒரு படி மேலே போய், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துவதையே தடை செய்தது.

சட்டத்தைத் தள்ளிவைத்தாலும் ஒரு வித்தியாசம் நிற்கிறது. டோட் போர்டில் எண் மாறினால் யாரோ பணம் கட்டியிருக்கிறார் என்று பொருள். குவியல் எவ்வளவு, எந்தக் குதிரை மேல் எவ்வளவு என்பது எல்லோர் கண்முன்னும் இருக்கும். திருட்டு ஆப்பில் எண் மாறினால், அதை நடத்துபவர் மாற்றியிருக்கிறார் என்பது மட்டுமே நிச்சயம். உள்ளே எவ்வளவு பணம், யார் பக்கம் என்பது அவருக்கு மட்டும் தெரியும். அந்த அசைவைப் படித்துப் பந்தயம் கட்டுவது, சீட்டாட்டத்தில் எதிராளி காட்டும் சீட்டை மட்டும் நம்பி ஆடுவதற்குச் சமம். ஜெயித்த பணம் வரவில்லை என்றாலோ, புகார் கொடுக்கப் போகிறவர் தன் குற்றத்தை முதலில் சொல்லியாக வேண்டும்.

டீக்கடையில் அந்தப் பையன் பணத்தைப் போடப் போகும்போது பக்கத்தில் இருந்தவன் கேட்டான். "எல்லாரும் சிஎஸ்கே மேல கட்டுறாங்கன்னியே, எல்லாரும்னா யாருடா?"

அவன் கொஞ்சம் யோசித்தான்.

"நம்ம ரூம்ல நாலு பேரு."