தீவுகளில் மாரடைப்பும் காலத்தின் அருமையும்

இருதயத் தசைக்கு இரத்தமளிக்கும் தமனியை இரத்தக்கட்டி அடைப்பதே மாரடைப்பாகும். அடைப்பு நீடிக்க நீடிக்கத் தசை மடிகிறது. மடிந்த தசை மீள்வதில்லை.

நெஞ்சின் நடுவே அழுத்தும் வலி, அது கைக்கோ தாடைக்கோ பரவுதல், வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். நீரிழிவுடையோரிடமும் முதியோரிடமும் வலி தெளிவின்றியும் இருக்கலாம். வாயுத் தொல்லை எனக் கருதிக் காத்திருத்தல் பெருந்தவறு.

அந்தமான் நிக்கோபாரில் தூரமே பெரும் இடையூறு. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயருக்குத் தெற்கே ஏறத்தாழ 270 கி.மீ. தொலைவில் கார் நிக்கோபார் உள்ளது. அந்நகரிலிருந்து சென்னையோ ஏறத்தாழ 1,360 கி.மீ. கப்பலையோ விமானத்தையோ எதிர்நோக்கும் நேரத்திலேயே தசை மடியக்கூடும். ஆகவே சிகிச்சை அண்மையிலுள்ள மருத்துவமனையிலேயே தொடங்கவேண்டும்.

அங்குப் பத்து நிமிடங்களுக்குள் ஈ.சி.ஜி. எடுத்தல் நன்று. முதற்படம் இயல்பாயிருந்தாலும் ஐயம் நீங்காது. மீண்டும் எடுப்பதும் இரத்தத்தில் டிரோபோனின் அளவைக் காண்பதும் அவசியம். தமனி முழுதும் அடைபட்டமை புலனாகி, குழாய் செலுத்தி அடைப்பை நீக்கும் வசதி 2 மணி நேரத்துக்குள் கிட்டாதெனில், கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்து தரப்படுகிறது. வலி தொடங்கிய 12 மணி நேரம்வரை அது பயன் தரும். முதல் 3 மணி நேரத்தில் பயன் மிகுதி.

எனவே களப்பணியாளரும் ஆசிரியரும் நோயாளியை நடக்கவிடாது அமர்த்தி, மருத்துவருக்கு உடனே செய்தி அனுப்பி, அவர் கூறினால் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் செய்யவேண்டும். வலி தொடங்கிய நேரத்தைத் தாளில் குறித்து அவருடன் அனுப்புதல் இன்றியமையாதது. மருத்துவரின் முடிவு பெரிதும் அதனைச் சார்ந்ததாகும்.