உலோகங்காட்டும் கருவியின் ஒலியை அமைத்துக்கொள்ளும் முறை

நிலத்தில் புதைந்து கிடக்கும் உலோகத்தைக் காட்டும் கருவியை வாங்கியவர்கள் பெரும்பாலும் அதன் திரையில் தோன்றும் எண்ணையே நம்புகின்றனர். காதை நம்புவதே மேல் என்பது நமது அபிப்பிராயம். ஒலியைக் கேட்டுப் பழகியவர் பொருளின் இனத்தோடு அதன் பருமனையும் ஆழத்தையும்கூட ஓரளவு ஊகித்துவிடுவார். ஆனால் அவ்வாறு விளங்கும்படி ஒலியை முன்னதாக அமைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

கருவியின் அடியிலுள்ள வட்டத் தட்டினுள் கம்பிச்சுருள்கள் இருக்கின்றன. ஒரு சுருளில் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை திசைமாறும் மின்சாரம் ஓடி, நிலத்தினுள் காந்தப்புலத்தைப் பரப்புகிறது. அப்புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது; அதனால் எழும் எதிர்ப்புலத்தை மற்றொரு சுருள் வாங்கிக்கொள்கிறது. இவ்விடையில் நேரும் மிகச் சிறிய தாமதம் உலோகத்துக்கு உலோகம் வேறுபடும். அவ்வேறுபாட்டையே கருவி சுருதியாக மாற்றித் தருகிறது. வழக்கமாக இரும்பு தாழ்ந்த சுருதியிலும், மெல்லிய தகடும் சிறு தங்க நகையும் நடுச்சுருதியிலும், வெள்ளியும் செம்பும் உயர்ந்த சுருதியிலும் ஒலிக்கும்.

கருவி உலோகத்தின் பெயரை அறியாது என்பதை இங்கு மறக்கலாகாது. மாத்திரை பொதிந்து வரும் அலுமினியத் தகடும் தங்க மோதிரமும் ஏறக்குறைய ஒரே சுருதியில் பேசும். தகட்டின் தொல்லை பொறாமல் அச்சுருதியை அடைத்துவிட்டால், மோதிரத்தையும் அடைத்தவர்களாவோம். சங்கிலியின் நிலை இன்னும் மோசம். கண்ணி கண்ணியாகக் கோத்த மெல்லிய சங்கிலி முழுப்பொருளாக ஒலிப்பதில்லை. பெரும்பாலும் அதன் கொக்கியோ பதக்கமோதான் காதுக்கு எட்டும். களையெடுக்கும்போது வயலில் நழுவிய சங்கிலியைத் தேடுவோர் சிறிய, மங்கிய ஒலியையும் தள்ளிவிடாமல் தோண்டிப் பார்த்தல் வேண்டும்.

இனி அமைப்புகளுக்கு வருவோம். முதலாவது சுருதிகளின் எண்ணிக்கை. உதாரணமாக, மைன்லேப் நிறுவனத்தின் ஈக்வினாக்ஸ் 800 என்னும் கருவியில் 1, 2, 5, 50 எனச் சுருதிகளை வைத்துக்கொள்ளலாம். ஐம்பது இருப்பது நன்மையே என்று தோன்றும். குப்பை மிகுந்த இடத்தில் அது சந்தை இரைச்சலாகிவிடும். புதியவர்களுக்கு ஐந்தே போதும். இரண்டாவது, ஒரு சுருதி மற்றொன்றாக மாறும் எல்லை. இதனைப் புத்தகத்தைப் பார்த்து வைப்பதைவிடச் சோதித்து வைப்பதே சிறந்தது. உலோகம் இல்லாத தரையில் துருப்பிடித்த ஆணி, மாத்திரைத் தகடு, பித்தளைத் திருகு, செப்புத் துண்டு, வெள்ளிக் கொலுசு ஆகியவற்றை இரண்டடிக்கு ஒன்றாகப் பரப்பி, தட்டை நாலங்குல உயரத்தில் வீசிக் கேட்க வேண்டும். ஒவ்வொன்றும் தனித்து விளங்கும்வரை எல்லையை நகர்த்தலாம். இதற்கு ஒரு மாலைப்பொழுது செலவாகும்; அது வீணன்று.

மூன்றாவது இரும்பின் ஒலியளவு. பலர் இதனைப் பூஜ்யமாக்கிவிடுகின்றனர். நாம் அதனை ஆதரிப்பதில்லை. குறைத்து வைக்கலாம், அடைத்தல் கூடாது. துருவேறிய ஆணியும் தட்டையான இரும்புத் தகடும் சில வேளை வெள்ளியைப்போல் உயர்ந்து கீச்சிடும். அதனருகே இரும்பின் தாழ்ந்த முனகலும் கேட்டால்தான் ஏமாறாதிருக்கலாம். ஐயம் தோன்றினால் தொண்ணூறு பாகை திரும்பி நின்று மீண்டும் வீசுக. நாணயம் பெரும்பாலும் முன்போலவே ஒலிக்கும். ஆணியின் கள்ளக்குரல் உடைந்துவிடும்.

இரும்பைத் தேடப் போய் வேறொன்று கிடைத்ததும் உண்டு. இங்கிலாந்தில் சஃபோக் பகுதியிலுள்ள ஹாக்ஸன் கிராமத்தில் 1992 நவம்பரில் ஒரு குடியானவர் வயலில் சுத்தியலைத் தொலைத்தார். அவருடைய நண்பரும் ஓய்வுபெற்ற தோட்டக்காரருமான எரிக் லாஸ் கருவியுடன் தேட, வெளிப்பட்டவை ரோமானியர் காலத்துப் பொன்னும் வெள்ளியும். நாணயங்கள் மட்டும் ஏறக்குறைய 15,000. அவர் முழுவதையும் தோண்டிக்கொண்டிராமல் உடனே அறிவித்தார். அதனால் தொல்பொருளாராய்ச்சியாளர் மறுநாளே வந்து, பொருள்கள் பெட்டியில் அடுக்கியிருந்த முறையையும் அறிய முடிந்தது. அவருக்குக் கிடைத்த வெகுமதி 17.5 லட்சம் பவுன். அதை அவர் குடியானவருடன் பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் அகப்பட்டது. இன்று அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

நம் நாட்டில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் கட்டாயம். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களின் எல்லைக்குள் அனுமதியின்றித் தோண்டுதலும் குற்றமாகும்.

மேற்கூறிய சுருதிப் பாகுபாடு முற்றும் பயன்படாத இடம் ஒன்றுண்டு. 2009இல் போர் முடிந்தபின் இலங்கையின் வடபகுதியில் கண்ணிவெடி அகற்றும் பணி நடந்த வயல்களே அவை. அங்குள்ள வெடிகளிற் பல பிளாஸ்டிக் உறையுடையவை. உலோகம் மிகச் சிறிதே. ஆகவே அப்பணியாளர் இன்ன ஒலி இரும்பு, இன்ன ஒலி குப்பை என்று எதனையும் ஒதுக்குவதில்லை. எழும் ஒவ்வோர் ஒலியையும் மண்டியிட்டுக் கையால் சோதிக்கின்றனர். பொழுதுபோக்குக் கருவியை எடுத்துக்கொண்டு அத்தகைய நிலத்தில் ஒருவரும் அடிவைக்கலாகாது.