எழுத்துத் திரைக் கோப்பு நிர்வாகிகள்: பழைய கணிப்பொறிக்கும் புதியதற்கும் ஏற்றது எது?

கொல்கத்தா நகரின் கிடர்பூரில், ஹூக்ளி நதியை ஒட்டி அமைந்த கப்பல் துறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பணியாற்றி வருகிறது. துறைமுகத் தொழிலின் அடிப்படை விதி எளியது: கப்பலிலிருந்து இறங்கிய சரக்கைக் கரையில் எண்ணிச் சரிபார்த்த பின்னரே பொறுப்புக் கைமாறும். கணிப்பொறியின் வட்டிலுள்ள கோப்புகளை இடம் மாற்றுவோருக்கும் இவ்விதியே பொருந்தும். இரு பக்கங்களையும் ஒருங்கே கண்முன் நிறுத்தி இவ்வேலையைச் செய்து முடிக்க உதவும் சாதனமே எழுத்துத் திரைக் கோப்பு நிர்வாகி.

இச்சாதனம் இக்காலத்தில் மீண்டும் கவனத்திற்குரியதாகியுள்ளது. விண்டோஸ் 10 இயக்கமுறைமைக்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதியற்ற யந்திரங்கள் பல ஒதுக்கப்படும் நிலையில் உள்ளன. மின்னணுக் கழிவுகளுக்கான 2022-ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஆயினும் ஒரு யந்திரம் கழிவாகுமுன் அதிலுள்ள கணக்குகளும் கடிதங்களும் காக்கப்படல் வேண்டும். எளிய இயக்கமுறைமையைக் கொண்டு அந்த யந்திரத்தையே மேலும் சில ஆண்டுகள் உபயோகிப்பதும் இயலும்.

இரட்டைப் பலக அமைப்பைப் பரவலாக்கியது ஜான் சோகா உருவாக்கி 1986-இல் வெளிவந்த நார்ட்டன் கமாண்டர் ஆகும். எண்பது பத்திகளும் இருபத்தைந்து வரிகளும் கொண்ட திரை நடுவே இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பக்கம் மூலமும் மறுபக்கம் சேருமிடமும் காட்டப்பட்டன. டேப் விசை பலகத்தை மாற்றும். எஃப் 3 பார்வையிடவும், எஃப் 4 திருத்தவும், எஃப் 5 நகலெடுக்கவும், எஃப் 6 பெயர் மாற்றவும் இடம் மாற்றவும், எஃப் 8 அழிக்கவும் பயன்படும். பின்னர் வந்த இவ்வகை நிர்வாகிகள் பெரும்பாலும் இவ்விசைகளையே பின்பற்றியமையால், ஒன்றில் பழகியவர் மற்றவற்றையும் எளிதில் கையாளலாம்.

தேர்வு முதலாவதாக யந்திரத்தின் நினைவகத்தைப் பொறுத்தது. டாஸ் இயங்கும் மிகப் பழைய கணிப்பொறியில் வழக்கமான நினைவகம் 640 கிலோபைட்டே. அதற்கு உக்ரேனைச் சேர்ந்த வோல்கோவ் கமாண்டர் தகுந்தது. அதன் பிரதானக் கோப்பு 64 கிலோபைட்டுக்குள் அடங்கும். லினக்ஸ் இயங்கும் யந்திரத்திற்கு, மெக்சிகோ நாட்டவரான மிகெல் டி இகாசா 1994-இல் தொடங்கிய மிட்நைட் கமாண்டர் ஏற்றது. சுருக்கப்பட்ட தொகுப்பையும் ஒரு கோப்புறையைப் போலவே அது திறந்து காட்டும். டெபியன் இயக்கமுறைமையில் அது இலவசமாகக் கிடைக்கிறது. மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயக்கமுறைமையும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. நினைவகச் சிக்கனத்தைப் பெரிதெனக் கொள்வோர் அருண் பிரகாஷ் ஜானா எழுதிய என்என்என் என்னும் ஒற்றைப் பலக நிர்வாகியை நாடலாம். விண்டோஸ் யந்திரங்களுக்கு யூஜின் ரோஷல் உருவாக்கிய ஃபார் மேனேஜர் உள்ளது. 2007 முதல் அதன் மூலநிரலும் வெளியிடப்பட்டுள்ளது.

இரண்டாவதாகக் கருதவேண்டியது கோப்புப் பெயர்களின் எழுத்து. இந்திய மொழியினருக்கு இதுவே முக்கியமானது. டாஸ் முறையில் பெயருக்கு எட்டும் பின்னொட்டுக்கு மூன்றுமாகப் பதினொரு பைட்டுகளே இடம். “கிடர்பூர்” என்னும் சொல் கண்ணுக்கு ஐந்து எழுத்துகளாகத் தோன்றினும், யூனிகோடு முறையில் ஒன்பது குறியீடுகளால் ஆனது; யுடிஎஃப்-8 வடிவில் அது 27 பைட்டுகளைக் கொள்ளும். லினக்ஸில் வழக்கமாக ஒரு பெயருக்கு 255 பைட்டுகள் வரை இடமுண்டு. அதாவது 85 தமிழ்க் குறியீடுகள். எழுத்துத் திரையோ ஒவ்வொரு குறிக்கும் சமமான கட்டங்களை ஒதுக்கும் இயல்புடையது. உயிர்மெய் எழுத்துகளும் புள்ளியும் அக்கட்டங்களில் முறையாகப் பொருந்தாதபோது பலகத்தின் எல்லைக்கோடு கோணலாகத் தெரியும். அது திரையின் குறையேயன்றிக் கோப்பின் பழுதன்று.

யூனிகோடு பரவுமுன் இந்நாட்டில் இஸ்கி என்னும் குறியீட்டு முறை 1991-இல் இந்தியத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டது. ஜிஸ்ட் அட்டை என்னும் கருவியைப் பொருத்தினால் டாஸ் திரையிலேயே இந்திய எழுத்துகள் தோன்றின. அக்காலத்துக் கோப்புகள் இன்றைய திரையில் பொருளற்ற குறிகளாகக் காணப்படலாம். அவை கெட்டுவிட்டன எனக் கருதி அழித்தல் பெரும் நஷ்டமாகும். தக்க மாற்றுக் கருவியால் அவற்றை மீட்க இயலும். நகலெடுத்தல் கோப்பின் உள்ளடக்கத்தை மாற்றுவதில்லை.

ஆகவே கையாளவேண்டிய முறை பின்வருமாறு. பழைய வட்டைக் கழற்றி, இணைப்புக் கருவியின் வாயிலாக நல்ல நிலையிலுள்ள கணிப்பொறியுடன் சேர்த்து, எழுதத் தடைசெய்த நிலையில் திறத்தல் வேண்டும். இடப்பலகத்தில் பழைய வட்டும் வலப்பலகத்தில் புதிய வட்டும் இருக்க, எஃப் 5 விசையால் நகலெடுக்கலாம். இடம் மாற்றும் எஃப் 6 விசையை இங்கு உபயோகித்தலாகாது. பின்னர் மிட்நைட் கமாண்டரின் கோப்புறை ஒப்பீட்டு வசதியில் “முழுமையான” முறையைத் தேர்ந்தெடுத்தால், இருபுறமுள்ள கோப்புகள் பைட்டு பைட்டாக ஒப்பிடப்படும். அவ்வசதி திறந்திருக்கும் கோப்புறையை மட்டுமே ஒப்பிடுமாதலால், உட்புறக் கோப்புறைகளையும் தனித்தனியே திறந்து ஒப்பிடுதல் அவசியம். அந்நிர்வாகியில் எஃப் 8 அழித்த கோப்பு குப்பைத் தொட்டிக்குச் செல்வதில்லை என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நிர்வாகி எதுவாயினும், யந்திரத்தின் வலிமைக்கும் கோப்பின் எழுத்துக்கும் பொருந்தியதே நல்ல தேர்வு. ஒப்பிட்டு முடியும் வரை மூலத்தை அழிக்காதிருத்தலே அத்தேர்வினும் பெரிது.