சின்னக் கம்பெனிக்கு வெப்சைட்: எழுதி வாங்குவதா, ரெடிமேடா?

கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் கொடுத்தாயிற்று. பில் போடுகிறீர்கள், இ-மெயில் பார்க்கிறீர்கள். அடுத்ததாக வரும் எண்ணம், "நம்ம கம்பெனிக்கும் ஒரு வெப்சைட் போட்டா என்னங்க?" என்பதுதான். விசாரித்தால் இரண்டு விதமான பதில் கிடைக்கும். ஒருவர், "நாங்களே கோடிங் எழுதித் தருகிறோம்" என்று ஒரு பெரிய தொகையைச் சொல்வார். இன்னொருவர், "அதெல்லாம் எதற்கு? பத்து நிமிடத்தில் நீங்களே செய்து கொள்ளலாம், இலவசம்" என்பார்.

தாராபுரம் பக்கம் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்காத ஆட்கள் குறைவு. திருப்பூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் பனியன் தொழில் இங்கேயும் உண்டு. ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருப்பவர், சொந்தமாக டி-ஷர்ட் போட்டு விற்பவர், மூலனூர் முருங்கை இலையைப் பொடி செய்து பாக்கெட் போடுபவர் என்று பலரும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. ஆனால் பதிலைத் தேடும் வழி ஒன்றுதான்.

முதலில் வெப்சைட் என்பது என்ன என்று பார்த்து விடுவோம். அது சில பைல்களின் தொகுப்பு, அவ்வளவுதான். எழுத்து எது, தலைப்பு எது, படம் எது என்பதை ஹெச்.டி.எம்.எல். என்ற மொழியில் எழுதுவார்கள். நிறம், அளவு, இடைவெளி ஆகியவற்றை சி.எஸ்.எஸ். கவனித்துக் கொள்ளும். இந்த பைல்கள் இரவு பகலாக இயங்கும் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும். அதுதான் சர்வர். அதில் உங்களுக்கு இடம் வாடகைக்குத் தருவது ஹோஸ்டிங். உலகம் உங்களைத் தேடி வரும் முகவரி டொமைன் நேம். இந்த மூன்றும் தனித்தனி. இதை மறக்க வேண்டாம். கடைசியில் இதுதான் கை கொடுக்கப் போகிறது.

பிரவுசரில் ஏதாவது ஒரு சைட்டைத் திறந்து, கீ போர்டில் கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு யூ கீயைத் தட்டுங்கள். புரியாத எழுத்துகளாக ஒரு பக்கம் விரியும். அந்த சைட்டின் ஹெச்.டி.எம்.எல். அதுதான். கோடிங் எழுதுபவர் இதைக் கையால் எழுதுகிறார். விக்ஸ், ஷாப்பிஃபை, ஜோஹோ சைட்ஸ் போன்ற வெப்சைட் பில்டர்களில் நீங்கள் மவுஸால் படத்தை இழுத்து வைக்கிறீர்கள், எழுத்தை டைப் செய்கிறீர்கள். கோடிங்கை அந்த பிளாட்பாரமே உள்ளுக்குள் எழுதிக் கொள்கிறது.

பனியன் ஊரில் இதைச் சொல்வது சுலபம். முதலாவது, அளவெடுத்துத் தைப்பது. இரண்டாவது, ரெடிமேட் எடுத்துப் போட்டுக் கொள்வது. ரெடிமேட் மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். ஊரே அதை விற்றுத்தான் சாப்பிடுகிறது! ஆனால் வெப்சைட் ரெடிமேடுக்கு ஒரு குணம் உண்டு. சட்டை கடையை விட்டு வந்தால் உங்களுடையது. வெப்சைட் அப்படி அல்ல. கடை மூடினால் சட்டையும் போய் விடும்.

இது கற்பனை அல்ல. நம் நாட்டுச் சிறு நிறுவனங்களுக்கே நடந்தது. 2011 நவம்பரில் கூகுள், ஹோஸ்ட்கேட்டர் நிறுவனத்துடன் சேர்ந்து, இந்தியச் சிறு தொழில்களுக்கு ஓர் ஆண்டுக்கு இலவச வெப்சைட்டும் டாட் இன் முகவரியும் தரும் திட்டத்தைக் கொண்டு வந்தது. மூன்று ஆண்டுகளில் ஐந்து லட்சம் நிறுவனங்களைச் சேர்ப்பது இலக்கு. முதல் ஆண்டு முடிந்தபின் பணம் கட்டித்தான் தொடர வேண்டும். பிறகு 2017-ல் இன்னும் சுலபமான வசதி வந்தது. கூகுள் மேப்பில் உங்கள் கடையைப் பதிவு செய்யும் மை பிசினஸ் அக்கவுண்ட்டிலேயே இலவசமாக ஒரு வெப்சைட்டும் செய்து கொள்ளலாம். நீங்கள் கொடுத்த போட்டோ, நேரம், போன் நம்பர் ஆகியவற்றை வைத்து அதுவே ஒரு பக்கத்தை அமைத்து விடும். முகவரி உங்கள் கடைப் பெயருடன் 'பிசினஸ் டாட் சைட்' என்று முடியும். பலர் செய்து கொண்டார்கள். விசிட்டிங் கார்டில், கட்டப்பையில், பில் புத்தகத்தில் அந்த முகவரியை அச்சடித்தார்கள்.

2024 மார்ச் மாதம் கூகுள் இந்த வசதியை நிறுத்தியது. அந்த முகவரிகளுக்கு வந்தவர்களைச் சில மாதங்கள் மட்டும் கடையின் கூகுள் பக்கத்துக்குத் திருப்பி விட்டது. 2024 ஜூன் 10-க்குப் பிறகு அதுவும் நின்றது. பையில் இருந்த முகவரியை டைப் செய்தவருக்கு, பக்கம் இல்லை என்ற பதில்தான் வந்தது. பணம் வாங்காத சேவை என்பதால் சண்டை போடவும் வழியில்லை.

ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி மாட்டிக் கொள்ளவில்லை. அதே இலவச சைட்டுக்குத் தன் சொந்த டொமைன் நேமை இணைத்து வைத்திருந்தவர், டொமைன் அக்கவுண்ட்டுக்குள் சென்று, இனி இந்தப் பெயர் வேறொரு சர்வரைக் காட்டட்டும் என்று மாற்றி விடலாம். பையில் அச்சடித்த முகவரி அப்படியே செல்லும். வித்தியாசம், ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை ஆகும் ஒரு பெயர். அவ்வளவுதான்.

பழைய ஆட்களுக்கு ஜியோசிட்டீஸ் நினைவிருக்கும். 1994-ல் தொடங்கி, 1999-ல் யாஹூ வாங்கி, 2009 அக்டோபரில் மூடியது. உலகமெங்கும் லட்சக்கணக்கானவர்களின் பக்கங்கள் அத்துடன் போயின. எனவே பெரிய கம்பெனி என்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது.

அப்படியானால் கோடிங் எழுதி வாங்குவதுதான் நல்லதா? அவசரப்பட வேண்டாம். அந்தப் பக்கமும் பள்ளம் உண்டு. 2000-களில் திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களின் சைட்களைத் திறந்தால் ஓர் அனிமேஷன் ஓடும். நூல் கண்டு உருளும், பனியன் பறக்கும், பின்னால் இசை ஒலிக்கும். எல்லாம் பிளாஷில் செய்தவை. 2020 டிசம்பர் 31-டன் அடோபி நிறுவனம் பிளாஷுக்கு விடை கொடுத்து விட்டது. பிரவுசர்களும் அதைக் கழற்றி விட்டன. காசு கொடுத்து எழுதி வாங்கிய அந்த முன்பக்கங்கள் வெறும் காலிப் பெட்டியாயின. 1024-க்கு 768 மானிட்டருக்கு என்று அகலத்தைக் கட்டிப் போட்டு எழுதிய பக்கங்களை மொபைலில் பார்த்தால் எழுத்து எறும்பு அளவு தெரியும். 2015 ஏப்ரல் முதல், மொபைலில் நன்றாகத் தெரியும் பக்கங்களுக்கு மொபைல் தேடலில் முன்னுரிமை தருகிறது கூகுள். 2018 ஜூலை முதல், ஹெச்.டி.டி.பி.எஸ். இல்லாத சைட்களைப் பாதுகாப்பற்றது என்று குரோம் பிரவுசர் காட்டத் தொடங்கியது. பில்டர் வைத்திருந்தவர்களுக்கு இவற்றையெல்லாம் பெரும்பாலும் அந்த பிளாட்பாரமே சரி செய்து கொடுத்தது. எழுதி வாங்கியவர் ஒவ்வொன்றுக்கும் எழுதியவரைத் தேட வேண்டும். எழுதிய தம்பிக்கு அதற்குள் பெங்களூரில் வேலை கிடைத்திருக்கும். பாஸ்வேர்டும் அவரோடு பஸ் ஏறியிருக்கும்!

இதில் ஒரு விதிவிலக்கு. எந்த ஜாலமும் இல்லாத வெறும் ஹெச்.டி.எம்.எல். பக்கம் சாகாது. டிம் பெர்னர்ஸ்-லீ சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1991-ல் வெளியிட்ட முதல் வெப்சைட்டை, செர்ன் 2013-ல் பழைய முகவரியிலேயே மீண்டும் வைத்தது. இன்றைய பிரவுசரிலும் அது திறக்கிறது. ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு என்ன தேவை? என்னென்ன மெஷின், எத்தனை, எந்த வேலை எடுப்பீர்கள், யூனிட் எங்கே, போன் நம்பர். நான்கு பக்கம் போதும். வெளிநாட்டு பையரைப் பிடிக்க நினைப்பவர் என்றால் கைவசம் உள்ள சர்டிபிகேட்களையும் சேர்க்கலாம். இதை எளிய ஹெச்.டி.எம்.எல்.லில் எழுதி வாங்கினாலும் சரி, பில்டரில் செய்தாலும் சரி. பெரிய தொகை கேட்டால் எழுந்து வந்து விடுங்கள்.

பொருள் விற்பவர்களுக்குக் கணக்கு வேறு. முருங்கைப் பொடி என்றால் நான்கைந்து பாக்கெட் அளவுகள், ஒரே விலை, யார் வேண்டுமானாலும் வாங்கலாம். இதற்கு ரெடிமேட் கச்சிதமாகப் பொருந்தும். ஆர்டர், பேமெண்ட், முகவரி எல்லாம் அதிலேயே உள்ளன. இதைக் கோடிங்காக எழுத வைப்பது, பக்கத்துக் கடையில் தொங்கும் பனியனை விட்டு விட்டு நூல் நூற்க ஆரம்பிப்பது போல.

டி-ஷர்ட் மொத்த வியாபாரிக்கு வருவோம். அவர் பீஸ் கணக்கில் விற்பதில்லை, செட் கணக்கு. ஸ்மால் 1, மீடியம் 2, லார்ஜ் 2, எக்ஸ்.எல். 1 என்ற ரேஷியோவில் ஒரு கலருக்கு 6 பீஸ். நான்கு கலர் என்றால் செட்டுக்கு 24. வெப்சைட் பில்டர்களோ சில்லறைக் கடையை மனதில் வைத்து உருவானவை. ஒரு பீஸ், ஒரு சைஸ், ஒரு கலர் என்றே கேட்கும். இதற்கே கோடிங் வேண்டும் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தேவையில்லை. 24 பீஸ் செட்டையே ஒரு பொருளாகப் பதிவு செய்யுங்கள், ரேஷியோவை விளக்கத்தில் எழுதுங்கள். வேலை முடிந்தது. ஆனால் ஈரோட்டுக் கடைக்கு ஒரு விலை, மதுரைக் கடைக்கு ஒரு விலை, இவருக்கு 30 நாள் கிரெடிட், அவருக்கு 45 நாள், இதையெல்லாம் லாக்-இன் செய்ததும் சைட்டே காட்ட வேண்டும் என்றால் அப்போது கோடிங்கைப் பற்றி யோசிக்கலாம். இன்று கட்டிங் எத்தனை, செக்கிங் எத்தனை என்று பார்க்க வேண்டும் என்பவர் கேட்பது வெப்சைட்டே அல்ல. அது தனி சாப்ட்வேர். இரண்டையும் சேர்த்துக் கொட்டேஷன் கொடுத்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் வேர்ட்பிரஸ் இருக்கிறது. 2003-ல் வந்த இலவச சாப்ட்வேர். உலகின் வெப்சைட்களில் நாற்பது சதவீதத்துக்கு மேல் இதில்தான் இயங்குகின்றன. எந்த ஹோஸ்டிங்கிலும் போடலாம். ஒரு ஹோஸ்டிங் பிடிக்கவில்லை என்றால் பைல்களையும் டேட்டாபேஸையும் எடுத்துக் கொண்டு இன்னொன்றுக்குப் போகலாம். விக்ஸில் அது முடியாது. அங்கே செய்த சைட்டை அப்படியே தூக்கி வேறு சர்வரில் வைக்க வழியில்லை. ஷாப்பிஃபை பொருட்களின் பட்டியலை எக்ஸெலில் திறக்கக் கூடிய சி.எஸ்.வி. பைலாகக் கொடுக்கும், ஆனால் சைட்டின் தோற்றம் உங்களுடன் வந்து மற்ற இடத்தில் இயங்காது. வேர்ட்பிரஸிலும் தலைவலி உண்டு. அதையும் அதன் பிளக்-இன்களையும் அப்டேட் செய்து கொண்டே இருக்க வேண்டும். விட்டால் யாரோ உள்ளே புகுந்து உங்கள் முருங்கைப் பொடிப் பக்கத்தில் சூதாட்ட விளம்பரம் ஒட்டி விட்டுப் போவார். மாதம் ஒருமுறை உட்கார ஆள் இல்லாதவர் பில்டருக்கே போகலாம் என்பது என் கருத்து. பொருட்களின் போட்டோ, விவரம், விலைப் பட்டியல் மூன்றையும் உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு போல்டரில் தனியாக வைத்திருந்தால், பிளாட்பாரம் மாறினாலும் இரண்டு நாள் வேலைதான்.

எந்த வழியில் போனாலும் டொமைன் நேம் உங்கள் பெயரில், உங்கள் இ-மெயில், உங்கள் மொபைல் நம்பரில் பதிவாக வேண்டும். "நாங்களே பார்த்துக்கறோம்ங்க" என்று சைட் செய்து தருபவர் தன் அக்கவுண்ட்டில் வாங்குவது வழக்கம். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ரினிவல் கேட்டு வரும் மெயில் அவருக்குப் போகும், உங்களுக்கு வராது. டாட் காம் பெயர் காலாவதியாகி, சலுகை நாட்களும் கடந்தால், 30 நாட்களுக்கு மீட்பு நிலையில் இருக்கும். அப்போது மீட்கக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். அதையும் விட்டால் பெயர் சந்தைக்கு வந்து விடும். யாரும் வாங்கலாம்.

ஏற்கெனவே அடுத்தவர் அக்கவுண்ட்டில் இருந்தால், ரெஜிஸ்ட்ராரிடமிருந்து ஆத் கோடு என்ற ஒரு ரகசிய எண்ணை வாங்கித் தரச் சொல்லுங்கள். அது கைக்கு வந்தால் உங்கள் பெயரில் நீங்களே தொடங்கும் அக்கவுண்ட்டுக்கு டொமைனை மாற்றிக் கொள்ளலாம். சைட் நன்றாக ஓடிக் கொண்டிருக்கும்போதே, கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேளுங்கள்.